விடை வந்த பிறகு

(கணித வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வது குறித்து ஈசூனில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2021-ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கணிதத் தாளை எழுதிவிட்டு வந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் வாயில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஹெலன், ஐவன். வீட்டுக்கு வந்த அந்தப் பெயர்கள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போயின. பிறகு நாளிதழ்களுக்கும் போயின.

கணக்கு இதுதான். ஹெலனிடமும் ஐவனிடமும் உள்ள நாணயங்களின் எண்ணிக்கை சமம். இருவரிடமும் இருப்பவை 50 காசும் 20 காசும்தான். ஹெலனிடம் 20 காசு 64 இருக்கிறது, ஐவனிடம் 104. யாரிடம் பணம் அதிகம், எத்தனை வெள்ளி அதிகம்? அடுத்து, ஹெலனுடைய நாணயங்களின் மொத்த எடை 1.134 கிலோகிராம். ஒரு 50 காசு ஒரு 20 காசைவிட 2.7 கிராம் கனம். அப்படியானால் ஐவனுடைய நாணயங்களின் எடை என்ன?

மொத்தம் எத்தனை நாணயம் என்று கேள்வி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஐவனிடம் 20 காசு 40 கூடுதலாக இருக்கிறது. மொத்த எண்ணிக்கை சமம் என்பதால் அந்த 40-க்கு எதிரே ஹெலனிடம் 50 காசு 40 இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் 30 காசு வித்தியாசம், ஆகவே ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். எடையிலும் அதே 40-தான்: 40-ஐ 2.7-ஆல் பெருக்கினால் 108 கிராம். அதைக் கழித்தால் ஐவனுக்கு 1.026 கிலோகிராம். நான்கு வரிகளில் முடிகிற வேலை. பெருக்கல் தெரியாமல் யாரும் இங்கே தடுக்கி விழுவதில்லை. கேள்வியில் இல்லாத எண்ணைத் தேடுகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

இந்தக் கணக்கை ஒரு வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் கணித வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். இங்கே வசதிக்காகத் தமிழில் கற்பனை செய்துகொள்வோம்.

"ஐவன்கிட்ட இருபது காசு எத்தனை?"

"நூத்தி நாலு."

"ஹெலன்கிட்ட?"

"அறுபத்தி நாலு."

"வித்தியாசம்?"

"நாப்பது."

"ஐம்பது காசுக்கும் இருபது காசுக்கும் வித்தியாசம்?"

"முப்பது காசு, டீச்சர்."

"அப்போ நாப்பதையும் முப்பதையும் என்ன செய்யணும்?"

"பெருக்கணும்!"

"வெரி குட்."

வகுப்பு கலகலப்பாக இருக்கிறது, கைகள் உயர்கின்றன, விடைகள் எல்லாம் சரி. யாராவது பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் மாணவர் பங்கேற்பு நன்று என்றுதான் எழுதுவார். ஆனால் பிள்ளைகள் செய்தது என்ன? 104-இலிருந்து 64-ஐயும் 50-இலிருந்து 20-ஐயும் கழித்தார்கள். அது தொடக்கநிலை 2 பிள்ளைக்கும் வரும். 40 என்ற எண்ணில்தான் கணக்கின் சாவி இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஆசிரியர். கணக்கைப் போட்டவரும் அவரே. ஜெர்மானியக் கணிதக் கல்வியாளர் ஹைன்ரிக் பவர்ஸ்ஃபெல்ட் இந்த வகைப் பேச்சைப் புனலுக்கு ஒப்பிட்டார். கேள்வி குறுகிக்கொண்டே போய், கடைசியில் பிள்ளைக்கு ஒரே ஒரு சொல்லைச் சொல்ல மட்டும் இடம் இருக்கும்.

இன்னொரு வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஐவன்கிட்டதான் பணம் அதிகம், அவன்கிட்ட இருபது காசு நிறைய இருக்கே" என்கிறான். தப்பு. "இல்லை, வேற யாரு?" என்று ஆசிரியர் அடுத்த கைக்குத் தாவியிருக்கலாம். இவர் தாவவில்லை. "ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறதை வரைஞ்சு காட்டு" என்று பேனாவை நீட்டுகிறார். பையன் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நீள்சதுரங்கள் போடுகிறான். எண்ணிக்கை சமம் என்பதால் இரண்டும் ஒரே நீளம். மேலே 64 வரை கோடு, கீழே 104 வரை கோடு. கீழ்க்கோடு மேல்கோட்டைத் தாண்டிப் போகிற இடத்தில் அவன் கை நிற்கிறது. "மேல இந்த இடத்துல என்ன இருக்கு?" என்று முன்வரிசைப் பெண் கேட்கிறாள். அவனே சொல்கிறான்: "ஐம்பது காசு... அப்போ ஹெலன்கிட்டதான்." ஆசிரியர் பேசியது ஒரே வாக்கியம்.

இரண்டு வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் விடை வந்த பிறகு ஆசிரியர் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. பர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சின்க்ளேர், கூல்ட்ஹார்ட் இருவரும் 1975-இல் வகுப்பறைப் பேச்சைப் பகுத்துப் பார்த்து அதற்கு மூன்று அடிகள் உண்டு என்றார்கள்: ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் அதன்மேல் ஒன்று சொல்வார். அமெரிக்காவில் ஹியூ மீஹன் 1979-இல் அதே மூன்றைக் கண்டார். அந்த மூன்றாவது அடியை மதிப்பீடு என்றார் அவர். வீட்டில் மணி என்ன என்று ஒருவர் கேட்டு, மற்றவர் ஆறரை என்றால், கேட்டவர் "வெரி குட்" என்று சொல்வதில்லை. வகுப்பறையில் மட்டும்தான் விடை தெரிந்தவர் கேட்கிறார், தெரியாதவர் சொல்கிறார்.

அதுவும் வேகமாக நடக்கிறது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடிக்கு நீட்டச் சொன்னபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். செலவில்லாத சீர்திருத்தம். ஆனால் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் மூன்று வினாடி மௌனத்தைத் தாங்குவது எத்தனை கடினம் என்பது பலகைக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூரின் கதைக்கு வருவோம். உலகத் தரவரிசைகளில் இந்த ஊர் கணிதத்தில் முன்னணியில் இருப்பது இன்று பழைய செய்தி. 1995-இல் டிம்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் நான்காம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் முதலிடம். 2022-இன் பீசா ஆய்விலும் 575 புள்ளிகளுடன் முதலிடம். அதற்கு முன்பு நிலைமை வேறு. 1981-இல் கல்வி அமைச்சு தொடக்கநிலைப் பிள்ளைகளின் அடிப்படைக் கணிதத் திறனைச் சோதித்தது. "மொத்தம்", "மீதி" போன்ற சொற்கள் வரும் வாக்கியக் கணக்குகளைத் தொடக்கநிலை 2 முதல் 4 வரையிலான பிள்ளைகளில் 87 விழுக்காட்டினர் சரியாகப் போட்டார்கள். அந்தச் சொற்கள் இல்லாமல் கேட்டபோது போட்டவர்கள் 46 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு வகுப்பறைப் பழக்கம். "மொத்தம்னா கூட்டணும், மீதின்னா கழிக்கணும்" என்று எங்கோ ஓர் ஆசிரியர் அன்போடு சொல்லித் தந்திருக்கிறார். பிள்ளை கணக்கைப் படிப்பதை விட்டுவிட்டுச் சொல்லைத் தேடப் பழகிவிட்டது. இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் கிரெனோபிளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம், ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருந்தால் கப்பல் தலைவரின் வயது என்ன என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு வயதைச் சொன்னார்கள். பிள்ளைகளை முட்டாள்கள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பள்ளியில் கேட்கப்படும் கேள்விக்கு விடை இருந்தே தீரும், கொடுத்த எண்களைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்பதைத்தான் அவர்கள் அதுவரை கற்றிருந்தார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டு என்றார் கீ புருசோ என்ற பிரெஞ்சு அறிஞர். அந்த ஒப்பந்தத்தை மீறாத நல்ல பிள்ளைகள் அவர்கள்.

சிங்கப்பூர் கண்ட மருந்து படம். 1980களில் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் கோ டெக் ஹோங்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மாடல் முறை இன்று உலகம் முழுவதும் விற்பனையாகிறது. தெரிந்ததையும் தெரியாததையும் நீள்சதுரங்களாக வரைவதே அந்த முறை. முதலில் கையில் எடுத்துப் பார்க்கும் பொருள், பிறகு படம், கடைசியில் எண்ணும் குறியும் என்கிற வரிசைக்கு அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புருனரின் கருத்துகள் அடிப்படை. இதைக் கணக்குப் போடும் உத்தியாக மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். மாடல் முறையின் பெரிய பயன், பிள்ளையின் தலைக்குள் இருப்பதை ஆசிரியர் பார்க்க முடிந்தது என்பதுதான். வாய் திறந்து ஆங்கிலத்தில் விளக்கத் தயங்கும் பிள்ளைகூட ஒரு கோட்டை எங்கே போடுகிறது என்பதில் தன் புரிதலைக் காட்டிவிடும். பல மொழி வீடுகளிலிருந்து வந்து ஒரே மொழியில் கணக்குப் படித்த தலைமுறைக்கு அது சின்ன உதவி அல்ல.

மருந்தும் பழகிப்போகும். ஈசூன் வட்டாரத்துத் துணைப்பாட நிலையம் எதிலும் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினால் கணக்குகள் வகை வகையாகப் பிரித்து அடுக்கப்பட்டிருக்கும்: மாறாத வித்தியாசம், மாறாத மொத்தம், முன்னும் பின்னும், மீதியில் மீதி. பிள்ளை கணக்கைப் படித்ததும் முதலில் கேட்பது, "இது எந்த டைப்?" 1981-இல் ஒரு சொல்லைத் தேடியது, இப்போது ஒரு வகையைத் தேடுகிறது. ஹெலன் ஐவன் கணக்கு எந்தப் பெட்டியிலும் சுலபமாக அடங்காததால்தான் அத்தனை கலவரம் என்று தோன்றுகிறது.

2015-ஆம் ஆண்டுத் தேர்வில் வந்த இன்னொரு கேள்வியும் இதே ரகம். எட்டு ஒரு வெள்ளி நாணயங்களின் எடை 6 கிராமா, 60 கிராமா, 600 கிராமா, 6 கிலோகிராமா? கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லாததைக் கேட்கலாமா என்று பெற்றோர் கொதித்தார்கள். சிராங்கூன் சாலை நகைக்கடையில் அம்மாவின் பக்கத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளைக்கு இது கையில் கிடைத்த விடை. ஒரு பவுன் எட்டு கிராம். இப்போது புழக்கத்தில் உள்ள ஒரு வெள்ளி நாணயம் 7.62 கிராம். எட்டு நாணயம் ஏறக்குறைய எட்டுப் பவுன், அதாவது அறுபத்துச் சொச்சம் கிராம். ஆனால் நகைக்கடையில் காதில் விழுந்ததைக் கணித வகுப்பில் பேசலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களும் உண்டு. தேசிய கல்விக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2004 முதல் கட்டம் கட்டமாகச் சிங்கப்பூர் வகுப்பறைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். அந்தப் பணியில் முக்கியப் பங்கு வகித்த டேவிட் ஹோகன் 2014-இல் பொதுவாசகர்களுக்காக எழுதியதில் ஒளிவுமறைவு இல்லை. வகுப்பு ஆசிரியர் கையில் இருக்கிறது, பாடம் தேர்வை நோக்கி ஓடுகிறது, மாணவர் நீளமாகப் பேசி விளக்கும் தருணங்கள் குறைவு. "குறைவாகக் கற்பித்து அதிகம் கற்போம்" என்ற கொள்கை 2004-லேயே தேசிய தினப் பேரணி உரையில் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொள்கை வகுப்பறைக் கதவைத் தாண்ட எத்தனை காலம் எடுக்கிறது என்பது விளங்கும்.

அப்படியானால் பிள்ளைகள் எப்படித் தேறுகிறார்கள்? இதற்கு ஒரு விடை பெரிந்தர்ஜீத் கவுர் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. மெல்பர்னில் டேவிட் கிளார்க் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில் சிங்கப்பூருக்காகப் பங்கேற்றவர் அவர். ஒரு கேமரா ஆசிரியர்மேல், ஒன்று வகுப்பு முழுவதன்மேல், ஒன்று குறிப்பிட்ட மாணவர்கள்மேல். பாடம் முடிந்ததும் அந்த மாணவர்களுக்கே பதிவைப் போட்டுக் காட்டி, இந்த இடத்தில் என்ன நினைத்தாய், எது உனக்கு முக்கியமாகப் பட்டது என்று கேட்டார்கள். திறமைசாலிகள் என்று பெயரெடுத்த மூன்று ஆசிரியர்களின் உயர்நிலை 2 வகுப்புகளில் கவுர் கண்டது ஒரு சுற்று: ஆசிரியர் பலகையில் செய்து காட்டுகிறார், பிள்ளைகள் இருக்கையில் போட்டுப் பார்க்கிறார்கள், அவர்கள் போட்டதை எடுத்து வகுப்பு முழுவதும் பார்க்கிறது. பிறகு மறுபடியும் அதே சுற்று. மாணவர்கள் மெச்சியவை தெளிவான விளக்கம், படிப்படியாகச் செய்து காட்டுவது, தங்கள் வேலையைப் பார்த்துத் தங்களுக்கென்று ஆசிரியர் சொல்வது. ஆசிரியர் நடத்தும் வகுப்புதான், ஆனால் அவருடைய கண் மாணவர்மேல் இருந்தது.

நடுவில் உள்ள அந்த இருக்கை நேரம்தான் கவனிக்க வேண்டியது. பத்து நிமிடம் ஆசிரியர் மேசைகளுக்கு நடுவே நடக்கிறார். குனிந்து ஒரு நோட்டைப் பார்க்கிறார், ஒரு கோட்டின்மேல் விரல் வைக்கிறார், "இது ஏன்?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார். நாற்பது பேர் முன்னிலையில் தப்பாகச் சொல்லக் கூசுகிற பிள்ளை அங்கே சொல்லிவிடும். எந்த நோட்டில் சுவையான தப்பு இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டு, அதைத்தான் பிறகு பலகைக்கு அழைப்பார். ஜப்பானிய ஆசிரியர்கள் இந்த நடையையே தனிக் கலையாகப் பேணுகிறார்கள். ஆசிரியர் அதிகம் பேசுகிறார் என்று புள்ளிவிவரம் எடுப்பவர்களின் ஒலிவாங்கியில் இந்தத் தாழ்ந்த குரல் விழுவதே இல்லை. பேசும் ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. மேசைகளுக்கு நடுவே நடக்காமல் தன் மேசையில் உட்கார்ந்து புத்தகம் திருத்தும் ஆசிரியரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

தமிழர்களுக்கு இந்த விவகாரத்தில் தனிப் பங்கு உண்டு. அன்னாசியும் ரப்பரும் விளைந்த, லிம் நீ சூனின் பெயரைத் தாங்கிய இந்த ஈசூன் வட்டாரத்துக்கு அருகே, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் ஏராளம். தாத்தா தலைமுறையில் பலர் தமிழ்ப் பள்ளிகளில் தமிழில் கணக்குப் படித்தவர்கள். 1982-இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. இந்திய மாணவர்கள் படிப்பில், குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்குகிறார்கள் என்ற கவலையில்தான் 1991-இல் சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில் தலைமையகம் வைத்து, சிறு குழுக்களாகத் துணைப்பாட வகுப்புகளை அது நடத்திவருகிறது. குழு சிறியது என்பது செலவு பிடிக்கும் சங்கதி. ஆனால் மேசைக்கு மேசை நடக்க வேண்டியதில்லை, எல்லா நோட்டும் கண்முன் இருக்கும்.

வீட்டில் நடப்பது வேறு கதை. தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த அப்பா, தொடக்கநிலை 5 கணக்கைப் பார்த்ததும் எக்ஸ் என்று எடுத்துக்கொண்டு இரண்டு வரியில் முடித்துவிடுவார். பிள்ளை முகம் சுளிக்கும்: "டீச்சர் இப்படிச் செய்ய மாட்டாங்கப்பா." சரியான முறை எதுவானாலும் தேர்வில் மதிப்பெண் உண்டு. ஆனாலும் பிள்ளைக்கு டீச்சரின் வழியே வழி. அப்பா கோபப்படாமல், "டீச்சர் எப்படிச் செய்வாங்க, எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டால் வீட்டிலேயே ஒரு நல்ல கணித வகுப்பு நடந்துவிடும்.

பிள்ளை சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தைக் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்தார். தேறிய பிள்ளையைக் கொண்டு தேறாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டைத் தன் இல்லத்தில் செய்தார். 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைக்கு அதில் என்ன பங்கு என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

தமிழ்நாடு இந்த நூற்றாண்டில் செய்த துணிச்சலான சோதனை செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று தொடங்கினார், முன்மாதிரி ஆந்திராவின் ரிஷி வேலியிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறியது. தப்பு செய்வதில் கூச்சம் போனது அதன் பெரிய வரவு. ஒரே கணக்கை எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்து வாதாடும் சந்தர்ப்பம் குறைந்தது அதன் செலவு. முன்வரிசைப் பெண் எழுந்து, "மேல இந்த இடத்துல என்ன இருக்கு?" என்று கேட்க, இருவரும் ஒரே கணக்கில் இருந்தாக வேண்டும்.

சிங்கப்பூரில் அடுத்த மாற்றம் பாடத்திட்டத்தில் வந்திருக்கிறது. 2021-இல் தொடக்கநிலை 1-இல் அறிமுகமான புதிய கணிதப் பாடத்திட்டம் 2026-இல் தொடக்கநிலை 6-ஐ எட்டுகிறது. வேகம் பற்றிய பாடம் அதில் இல்லை, அது உயர்நிலை 1-க்குப் போய்விட்டது. அரையாண்டுத் தேர்வுகளும் 2023-க்குள் எல்லா நிலைகளிலும் எடுக்கப்பட்டுவிட்டன. எதிரெதிரே வரும் கார்களும் பாதி வழியில் பழுதாகும் பேருந்துகளும் பிடித்துக்கொண்டிருந்த வகுப்பு நேரம் கைக்கு வருகிறது. அந்த நேரம் மேசைகளுக்கு நடுவே நடப்பதற்குப் போகுமா, இன்னொரு பயிற்சித் தாளுக்குப் போகுமா என்பதை ஒவ்வொரு பள்ளியின் கணிதத் துறையும் தன் கால அட்டவணையில் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்குப் போகிறவர்கள் மதிப்பெண்ணைக் கேட்ட பிறகு இதையும் கேட்கலாம்: என் பிள்ளை கடைசியாக எந்தத் தப்பான விடையைச் சொன்னது, அதை நீங்கள் என்ன செய்தீர்கள்?